கிளவுன் மீன் இருக்கும் கடல்நீர்த் தொட்டியில் பைப்ஃபிஷ் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். கடல்குதிரைக் குடும்பத்து ஒல்லி மீனான பைப்ஃபிஷ் பட்டினியில் போய்விடும். ஆனால் இதே கேள்விக்கு "வீட்டில் அது பிழைக்கவே பிழைக்காது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் இரண்டடித் தொட்டி இருக்கும். கடைக்காரர் "உறைந்த மைசிஸ் சாப்பிடும், தூக்கிட்டுப் போங்க" என்றிருப்பார். மைசிஸ் என்பது இறால் மாதிரி ஒரு பொடி உயிரி. அப்படியென்றால் கண்முன்னே தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல பைப்ஃபிஷ்களுக்கு உயிரோடு நெளிவதுதான் இரை. உறைந்ததை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்குப் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. குழாய் மூக்கால் உறிஞ்சியது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் காலையில் ஒருவேளை நிறையப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற கணக்கு இங்கே செல்லாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் முழுக்கத் தின்ன வேண்டும். அது ஒரு இறால் குஞ்சை உற்றுப் பார்த்து, மூக்கைத் திருப்பி, யோசித்து முடிப்பதற்குள் கிளவுன் மீன் மிச்சத்தைக் காலி செய்துவிடும். கிளவுன் ஒண்டிக்கொள்ள அனிமோன் என்கிற, கொட்டும் கடல் உயிரியை வேறு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், அது கொட்டியே கொன்றுவிடும்.

நான் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறேன். மீன் வாங்கும் முன்பே தீனியை வளர்த்தேன். பாறை, கடல்பாசி, அதில் ஊரும் கோப்பிபாட் என்கிற பொடி உயிரி, அவ்வளவுதான். மாதக்கணக்கில் மீனே இல்லாமல் தொட்டி ஓடியது. "வெறும் தண்ணிக்குக் கரண்ட் பில் கட்டுற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகக் கோப்பிபாட் ஊர ஆரம்பித்த பிறகுதான் வளையம் போட்ட இனத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். பம்ப் உறிஞ்சும் வாயைப் பஞ்சால் மூடினேன், நீரோட்டத்தைக் குறைத்தேன். கூடவே தினமும் ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டை பொரிக்க வைப்பேன். நம்ம ஊர்ச் சூட்டில் ஹீட்டர் இல்லாமலே ஒரு நாளில் பொரித்துவிடும். அதே சூடுதான் தொட்டிக்கு எமன். தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் ஆக்சிஜன் குறையும், விப்ரியோ மாதிரி பாக்டீரியா பெருகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்து 25-இல் நிறுத்தியிருக்கிறேன். சில்லர் வாங்கக் காசு இல்லையென்றால் பைப்ஃபிஷ் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பணத்திமிர் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒருநாள் ஆணின் வயிற்றடியில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கடல்குதிரைக்கு இருப்பதுபோல் பை இந்த இனத்துக்குக் கிடையாது, அத்தனையும் வெளியே தெரியும். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆம்பளையா சுமக்குது?" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிழைக்காத மீன் முட்டை போடுமா, சொல்லுங்கள். குஞ்சுகள் என்ன ஆயின என்று கேட்காதீர்கள், அது தனிப் பதில்.

"கடலில் பிடித்ததைக் கண்ணாடிக்குள் அடைப்பது பாவம்" என்று யாராவது கீழே வருவார்கள். சீன மருந்துக் கடைகளில் இதே குடும்பத்து மீனைக் காயவைத்துக் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். கடல்குதிரை 2004 முதல் சைட்டிஸ் என்கிற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதித் தாள் வேண்டும். பைப்ஃபிஷ் அதில் இல்லை. அதற்காக அள்ளிக்கொண்டு வரலாம் என்று நான் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் என் பெரிய தலைவலி மீன் இல்லை, எங்கள் அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடம். வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்கிவரக் கிளம்பினால், என் வண்டிக்குப் பின்னால் ஒருவர் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருப்பார். ஹாரன் அடித்தால் மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "தோ வர்றேன்" என்பார், வரமாட்டார். நிர்வாகக் குழுவிடம் சொன்னால் மாதக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று என்னைப் பார்க்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

பைப்ஃபிஷ்தான் வேண்டும் என்று நிற்கிறீர்களா? கிளவுனைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது தொட்டிக்கு வீட்டில் அனுமதி வாங்குங்கள்.