கத்தோலிக்கர்கள் தங்களையே கிண்டல் பண்ணிக்கறது விசுவாசத்துக்கு அவமரியாதை இல்லையா?

இல்லைங்க. நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கறவன், பெத்தவங்க சிலரே இதே கேள்வியை என்கிட்ட கோபமா கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கடவுளைக் கேவலப்படுத்தறது வேற, கடவுள் முன்னாடி முட்டி போட்டுட்டு கண்ணை மட்டும் வாட்ச்ல வச்சிருக்கற நம்மளைப் பார்த்து சிரிக்கறது வேற. கத்தோலிக்கர் நடுவுல ஓடற ஜோக் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைதான். கோயில்ல கடைசி பெஞ்ச் முதல்ல நிரம்பறது, "கடைசியா ஒண்ணே ஒண்ணு"ன்னு சொல்லிட்டு இன்னும் கால் மணி நேரம் ஓடற பிரசங்கம், சாவி தொலைஞ்சா மட்டும், தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கற புனித அந்தோணியார் ஞாபகம் வர்றது. இதெல்லாம் வாராவாரம் பூசைக்குப் போறவனுக்குத்தான் தெரியும், அவன் சொன்னாத்தான் சிரிப்பும் வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது துறவற சபைகளைப் பத்தின அந்தப் பழைய ஜோக். ஒரு பெனடிக்டின், ஒரு பிரான்சிஸ்கன், ஒரு டொமினிக்கன், ஒரு இயேசு சபை ஃபாதர், நாலு பேரும் ஒண்ணா ஜெபம் சொல்லிட்டிருக்கும்போது கரண்ட் போயிடுது. பெனடிக்டின் நிறுத்தவே இல்ல, மனப்பாடமா அப்படியே தொடர்றார். பிரான்சிஸ்கன் இருட்டுக்காகவும் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பாட ஆரம்பிக்கறார். டொமினிக்கன் ஒளின்னா என்ன, இருள்னா என்னன்னு விளக்கம் கொடுக்கறார். திடீர்னு லைட் வருது, பார்த்தா இயேசு சபை ஃபாதரைக் காணோம், ஃபியூஸ் போடப் போயிட்டார்!

இதுல ஒரு முழு பாடமே இருக்கு. பெனடிக்டின் துறவிகளுக்காக புனித பெனடிக்ட் எழுதின ஒழுங்குல, பைபிள்ல இருக்கற 150 சங்கீதத்தையும் ஒவ்வொரு வாரமும் சொல்லி முடிக்கணும்னு இருக்கு, அப்ப மனப்பாடம் ஆகாம என்ன செய்யும். அசிசி பிரான்சிஸ் சூரியனையும் சந்திரனையும் அண்ணன், அக்கான்னு கூப்பிட்டுப் பாடினவர். டொமினிக்கன் சபைன்னா பெரிய இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் இருந்த சபை, அங்க விவாதம் இல்லாம எப்படி. இந்த ஜோக்கை எனக்கு முதல்ல சொன்னதே ஒரு டொமினிக்கன் ஃபாதர்தான், அவ்வளவு சந்தோஷமா சொன்னார்.

இது இப்ப வந்த ஃபேஷனும் இல்ல. 1515ல ஃப்ளாரன்ஸ்ல பிறந்து, ரோமாபுரியில வாழ்ந்து 1595ல இறந்த புனித பிலிப்பு நேரின்னு ஒருத்தர். ஜனங்க அவரை உயிரோட இருக்கும்போதே புனிதர்னு கொண்டாட ஆரம்பிச்சதும் மனுஷனுக்கு பயம் வந்துடுச்சு, அதனால தாடியில பாதியை மட்டும் மழிச்சுட்டு வெளிய போயிருக்கார், சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாத்திப் போட்டிருக்கார், பெரிய மனுஷங்க பார்க்க வந்தா அவங்க முன்னாடி ஜோக் புத்தகத்தைப் படிக்கச் சொல்லியிருக்கார். ஆன்மிக அகந்தைங்கற வியாதிக்கு அவர் கண்டுபிடிச்ச மருந்து அது, இன்னிக்கும் அதைவிட நல்ல மருந்து வந்ததா எனக்குத் தெரியல. திருச்சபை அவரைத் தண்டிக்கல, 1622ல புனிதர் பட்டம் கொடுத்துச்சு, அதே நாள்லதான் இயேசு சபையைத் தொடங்கின இக்னேஷியஸ், பிரான்சிஸ் சேவியர், அவிலா தெரசா எல்லாருக்கும் பட்டம்.

இங்கிலாந்து ராஜாவைத் திருச்சபைக்குத் தலைவரா ஏத்துக்க மாட்டேன்னு நின்ன தாமஸ் மோர் கதை இன்னும் மனசைத் தொடும். 1535 ஜூலை 6, லண்டன்ல தலையை வெட்டக் கூட்டிட்டுப் போறாங்க, மேடை ஆட்டம் கண்டிருக்கு. பக்கத்துல இருந்த அதிகாரிகிட்ட, ஏறும்போது கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, இறங்கறதை நான் பாத்துக்கறேன்னாராம். விசுவாசம் இல்லாத ஆளு அந்த நேரத்துல இப்படிப் பேச முடியுமா சொல்லுங்க.

போப் பிரான்சிஸ் 2018ல புனித வாழ்வு பத்தி எழுதின ஊக்கவுரையில மகிழ்ச்சிக்கும் நகைச்சுவை உணர்வுக்கும்னே தனிப் பகுதி வச்சார். 2024 ஜூன்ல பல நாட்டு காமெடியன்களை வத்திக்கானுக்குக் கூப்பிட்டு, கடவுளைப் பார்த்து சிரிக்கலாமா, தாராளமா சிரிக்கலாம், நாம நேசிக்கறவங்களோட விளையாடற மாதிரிதான் அதுன்னு சொன்னார். தன்னைப் பத்தின ஜோக்கையே அவர் சொல்லிக்காட்டியிருக்கார்: நியூயார்க்ல போப் டிரைவரைப் பின்னாடி உட்கார வச்சுட்டு தானே லிமோசினை வேகமா ஓட்டறார், போலீஸ்காரர் பிடிச்சுட்டு மேலதிகாரிக்கு போன் போட்டு, "சார், உள்ள யாரோ ரொம்பப் பெரிய ஆளு, யாருன்னு தெரியல, ஆனா அவருக்கு போப்தான் டிரைவர்"ங்கறார்.

ஆனா எல்லாமே ஓகேன்னு நான் சொல்லல. நற்கருணையை, அதாவது பூசையில இயேசுவோட உடல்னு நாங்க வாங்கற அப்பத்தை, வச்சு விளையாடறது எனக்கு வலிக்கும், அதை நான் சொல்லவும் மாட்டேன், கேட்டா எழுந்து போயிடுவேன். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு, திருச்சபைக்குள்ள பாதிக்கப்பட்ட ஒருத்தர் வாயைத் திறந்து பேசும்போது அதை ஜோக்கடிச்சு மடக்கறது. பலம் இருக்கறவன் தன்னைப் பார்த்து சிரிச்சா அது தாழ்ச்சி, அழறவனைப் பார்த்து சிரிச்சா அது கொடுமை, அதுக்கு எந்தப் புனிதர் பேரையும் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

போன வருஷம் அந்த கரண்ட் ஜோக்கை வகுப்புல சொன்னேன். பசங்க சிரிச்சு முடிச்சதும் ஒரு பொண்ணு எழுந்து, "சார், அங்க நம்ம பங்கு ஃபாதர் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்?"னு கேட்டா. நான் யோசிக்கறதுக்குள்ள பின்னாடிலேர்ந்து ஒரு பையன், "இருட்டுலயே ரெண்டாவது காணிக்கை எடுத்திருப்பார்"னான். எனக்கு மூச்சே நின்னுடுச்சு, ஏன்னா ஃபாதர் வாசல்லயே நின்னுட்டிருந்தார். அவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சார். அடுத்த ஞாயிறு காணிக்கைக்கு முன்னாடி, அந்தப் பையன் பேரைச் சொல்லாம, அதே ஜோக்கை மைக்ல அவரே சொன்னார்.