ஒன்பதரை மணியை விட்டுவிடுங்கள்

வணக்கம்.

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கிறேன். அலுவலக வேலை. டிசம்பர் வந்தால் இருட்டில் போய் இருட்டில்தான் திரும்புகிறேன். சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து, இரவு ஒன்பதரைக்குத்தான் எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அமைதியாக இருப்போம் என்று கண்ணை மூடினால் அப்படியே நித்திரையாகிவிடுகிறேன். மூடாவிட்டால் கை போனுக்குப் போகிறது. குளிர்காலத்தில் கொஞ்சம் ஆறுதலாக இருக்க என்ன வழி? பிள்ளைகளையும் அதற்குப் பழக்கலாமா?

வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஒன்பதரை மணியை விட்டுவிடுங்கள். அப்போது உங்களிடம் மிஞ்சியிருப்பது களைப்பு மட்டும்தான். களைத்த உடம்பு கண்ணை மூடினால் நித்திரை கொள்ளத்தான் செய்யும். ரொறன்ரோவில் டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பகல் முழுவதையும் கட்டடத்துக்குள் செலவழித்துவிட்டு மிச்சத்தில் அமைதியைத் தேடுகிறீர்கள். மதிய இடைவேளையில் இருபது நிமிடத்தை வெளியே கழியுங்கள்.

ஏன் மதியம்? அலுவலக மேசையில் விழும் வெளிச்சம் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய நாளிலும் நண்பகலில் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். தரையில் புதுப்பனி கிடந்தால் அது தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். உடம்பு விழிப்பையும் நித்திரையையும் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. அதிகாலை நடை என்று தீர்மானம் எடுக்கிறவர்கள் ஜனவரியில் கைவிடுவதற்கும் காரணம் உண்டு: மாலைப் பொழுது டிசம்பர் நடுப்பகுதியிலேயே நீளத் தொடங்கிவிடும், ஆனால் சூரியன் எழும் நேரம் ஜனவரி முதல் வாரம்வரை பிந்திக்கொண்டேதான் போகும்.

நடப்பதைவிட வெளிக்கிடுவதுதான் பெரிய வேலை, எனக்குத் தெரியும். ஆகவே அதற்கான உடுப்பை அலுவலகத்திலேயே ஒரு பையில் வைத்துவிடுங்கள். உடம்போடு ஒட்டுவது மெல்லிய கம்பளியோ பொலியெஸ்டரோ, அதன்மேல் ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற தடித்த துணி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடு. இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போடுவது பலரும் செய்யும் பிழை. கால் நெரிந்து இரத்த ஓட்டம் குறைய, விரல்கள் இன்னும் விறைக்கும். வெளியே வந்த முதல் ஐந்து நிமிடம் இலேசாகக் குளிர வேண்டும். அப்போதே சுகமாக இருந்தால் நடக்கும்போது வியர்த்து, நிற்கும்போது நடுங்குவீர்கள்.

பத்து நிமிடம் நடந்து, பத்து நிமிடம் ஓரிடத்தில் இருங்கள். பழைய யோகா பாயில் ஒரு துண்டை வெட்டி, இரண்டாக மடித்து வாங்கிலில் போட்டுக்கொண்டால் அடியிலிருந்து குளிர் ஏறாது. போன் உள்பையில் இருக்கட்டும். மின்கலமும் குளிரில் சீக்கிரம் இறங்கும், அதையே சாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இருந்துகொண்டு என்ன செய்வது? கேளுங்கள். புதிதாய் விழுந்த பனிக்குள் காற்று நிறைந்த இடுக்குகள் இருப்பதால் அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சு போல் நாலு விரல் கனத்துக்கு விழுந்திருந்தாலே தெரு அடங்கிப்போகும். ஒரு நாள் உருகி மறுநாள் உறைந்து மேலே ஓடு கட்டிவிட்டால் கதை மாறும். கடினமான பரப்பு ஒலியைத் திருப்பி அடிக்கும், வாகன இரைச்சல் முன்னதைவிடக் கிட்டக் கேட்கும். எனவே பனி கொட்டி ஓய்ந்த நாளைத் தவறவிடாதீர்கள். காலடியையும் கவனியுங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட பனி சத்தமில்லாமல் நசுங்கும். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் கிறீச்சிடும். கொஞ்ச நாளில் வெப்பமானி பார்க்காமலே குளிரைச் சொல்லிவிடுவீர்கள்.

சனி, ஞாயிறில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா உங்களுக்குக் கிட்ட, நுழைவுக் கட்டணமும் இல்லை. தலை கறுத்த சிறிய சிக்கடிப் பறவை குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருக்கும். 'சிக்-அ-டீ-டீ' என்ற அதன் கூவலில் கடைசி 'டீ' எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுங்கள். ஆபத்து பெரிதென்றால் 'டீ' கூடும். தீனி மட்டும் போடாதீர்கள், அங்கே அதற்குத் தடை.

வீட்டு வாசலில் பனி தள்ளுவது உங்கள் பொறுப்பென்றால், அதுவும் ஒரு தனிமைதான். ஈரப்பனியைத் தூக்கி எறியாமல் தள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. இதயநோய் உள்ளவர்களும் வயது போனவர்களும் அந்த வேலையை வேறு யாரிடமாவது விடவேண்டும். ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் மாரடைப்பு வருவது சும்மா பேச்சில்லை.

காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குக் கீழே போகும் நாளில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும். அன்று உள்ளே இருங்கள், ஆனால் தெற்குப் பார்த்த யன்னலுக்கு ஒரு மீற்றருக்குள். டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் உயரும், அதனால் வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வரும். வடக்கு யன்னலில் இது கிடைக்காது. குளிர்கால வெளிச்சக் குறைவுக்கென்று விற்கும் 10,000 லக்ஸ் விளக்கு வாங்குவதென்றால், விழித்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம், பெட்டியில் குறிப்பிட்ட தூரத்தில் வைத்துப் பயன்படுத்துங்கள். தள்ளி வைத்தால் அந்த அளவு கிடைக்காது, இரவில் போட்டால் நித்திரை குழம்பும். கண்நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் நித்திரையும் பசியும் கூடியிருந்தால் இந்த இருபது நிமிடம் போதாது, குடும்ப மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளைகள் விஷயம். கூட்டிக்கொண்டு போங்கள், பனியில் உருளட்டும், ஆனால் அதை உங்கள் இருபது நிமிடத்தில் சேர்க்காதீர்கள். வார இறுதியில் வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் சனிக்கிழமை ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மற்றவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானாகக் கேட்டு வந்தால், அதற்கும் ஒரு பாய்த்துண்டு வெட்டிக்கொடுங்கள்.