கொழும்பு மாடி வீட்டில் பிரண்டை வளருமா? நட்ட தண்டு ஏன் அழுகுகிறது?

தாராளமாக வளரும். அழுகியது பெரும்பாலும் தண்ணீரால்தான். பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி என்றாலும், நாற்பட்டைத் தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வன்னி, யாழ்ப்பாணப் பக்கத்து வேலிகளில் யாரும் கவனிக்காமலே அது படர்வது அதனால்தான். கொழும்பு மழைதான் ஒத்துவராது.

இரண்டு மூன்று கணுவுள்ள முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவையுங்கள். இதை அவசரப்பட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம். மண்ணில் பாதிக்குப் பாதி மணலோ செங்கல் நொறுக்கலோ கலந்து, ஒரு கணு புதையும்படி நடுங்கள். மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர். மே மாதவாக்கில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பூச்சாடியைக் கூரைக்குள் இழுத்துவிடலாம், ஆனால் வெயில் படவேண்டும். கணுவிலிருந்து வரும் பற்றுக்கம்பிக்கு பல்கனிக் கம்பியே போதும்.

அப்புறம், துவையலுக்கு இளந்தண்டுதான் சரி. கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு நார் உரியுங்கள். அதிலுள்ள கல்சியம் ஒட்சலேற்றுப் படிகங்கள் அரிக்கும். நன்றாக வதக்கிப் புளியும் சேர்க்காவிட்டால் தொண்டையும் தப்பாது.