பெல்ட்டுக்குக் கீழே: குத்துச்சண்டை கேள்வி–பதில்

கேள்வி: 2023-ல் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) பட்டத்துக்கான உசிக்–டுபுவா சண்டையின் ஐந்தாவது சுற்றில் உசிக் சுருண்டு விழுந்தார். அது ஃபவுலா (விதிமீறலா), நாக் டவுனா (முறையான குத்தில் விழுந்ததா)? இன்றும் நண்பர்களோடு வாக்குவாதம் ஓயவில்லை.

பதில்: அந்த ஆகஸ்ட் 26 அன்று போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் நடந்த சண்டை. டுபுவாவின் வலது கைக் குத்து உசிக்கின் கால்சட்டை பெல்ட்டின் மேல் விளிம்பில் விழுந்தது. நடுவர் லூயிஸ் பபோன் அதை லோ ப்ளோ (இடுப்புக்குக் கீழே விழும், தடைசெய்யப்பட்ட குத்து) என்று அறிவித்து, ஓய்வெடுக்க நேரம் கொடுத்தார். விதிப்படி ஐந்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். உசிக் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டார். பிறகு ஒன்பதாவது சுற்றில் டுபுவாவை நாக் அவுட் செய்தார்.

உங்கள் வாக்குவாதத்துக்குக் காரணம், கால்சட்டையில் தெரியும் பெல்ட்டை எல்லையாக எடுத்துக்கொள்வதுதான். எல்லை தொப்புள் மட்டம்; அங்கே போடும் கற்பனைக் கோடு. இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த பாதுகாப்புக் கப் கால்சட்டையை மேலே தள்ளும். வீரரே இழுத்து மேலே ஏற்றிவிட்டால், முறையான வயிற்றுக் குத்துகூடப் பெல்ட்டில் விழுந்ததாகத் தெரியும். சண்டைக்கு முன் உடை மாற்றும் அறையிலேயே நடுவர் கால்சட்டை எங்கே நிற்கிறது என்று பார்த்து, "இதுவரை அடிக்கலாம்" என்று இரு தரப்புக்கும் கையை வைத்துக் காட்டிவிட வேண்டும். எங்கள் கணிப்பில் டுபுவாவுடையது சரியாகக் கோட்டிலேயே விழுந்த குத்து. ஃபவுல் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவருக்குக் கிடைத்தது ஒரே கோணம், ஒரே நொடி. 2025 ஜூலை 19 அன்று வெம்ப்ளியில் மீண்டும் மோதியபோது, அதே ஐந்தாவது சுற்றில் உசிக் வென்றார். அங்கே விவாதத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: லோ ப்ளோ வாங்கியவர் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தால் பட்டம் அவருக்குத்தானே?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான். 1930 ஜூன் 12 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், நான்காவது சுற்றில் அமெரிக்க வீரர் ஷார்க்கியின் குத்து இடுப்புக்குக் கீழே இறங்க, தரையில் கிடந்தபடியே ஜெர்மன் வீரர் ஷ்மெலிங் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். எதிராளியின் தகுதிநீக்கத்தால் அந்தப் பட்டம் ஒருவருக்குக் கிடைத்தது அந்த ஒரு முறைதான். இரண்டு வருடம் கழித்து ஷார்க்கியே அதைப் பறித்துக்கொண்டார். இன்றைய விதி நேர்மாறு: தற்செயலான லோ ப்ளோ என்றால், ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து சண்டையைத் தொடராதவர் தோற்றவர். நடிப்புக்குப் பலன் கிடையாது.

கேள்வி: டைசன், ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த உடனேயே சண்டையை ஏன் நிறுத்தவில்லை?

பதில்: 1997 ஜூன் 28, லாஸ் வேகஸ், மூன்றாவது சுற்று. முதல் கடியின்போதே நடுவர் மில்ஸ் லேன் தகுதிநீக்கம் செய்யத்தான் நினைத்தார். ஹோலிஃபீல்டால் தொடர முடியும் என்று மருத்துவர் சொன்னதால், இரண்டு புள்ளிகளைக் குறைத்துவிட்டுச் சண்டையைத் தொடரவிட்டார். டைசன் மறு காதையும் கடித்தார், அதோடு முடிந்தது. அபராதம் 30 லட்சம் டாலர், கூடவே உரிமமும் ரத்து.

ஹோலிஃபீல்டின் தலை இடித்து, இரண்டாவது சுற்றிலேயே டைசனின் வலது கண்ணுக்கு மேலே கிழிந்திருந்தது. லேன் அதைத் தற்செயல் என்றார். வேண்டுமென்றே இடித்ததென்று முடிவு செய்திருந்தால் ஹோலிஃபீல்டுக்குப் புள்ளிகள் போயிருக்கும். கிட்டத்தட்ட எல்லா ஃபவுல் சர்ச்சையும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஒரு கேள்வியில்தான்: தெரிந்து செய்தாரா, தெரியாமல் நடந்ததா?

கேள்வி: சாம்பியன்களுக்கு எதிராக ஏன் இவ்வளவு பலவீனமானவர்களை இறக்கிவிடுகிறார்கள்?

பதில்: பட்டம் தரும் அமைப்பு கட்டாயப் போட்டியாளர் (சாம்பியன் மோதியே ஆக வேண்டியவர்) என்று ஒருவரை நிறுத்தாதபோது, சாம்பியன் தரப்பே தரவரிசையில் இருந்து ஆளைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஓட்டை அங்கேதான். 1957-ல் ஹெவிவெயிட் சாம்பியன் பேட்டர்சன் எதிர்கொண்ட ராடமேக்கருக்கு அதுதான் முதல் தொழில்முறைச் சண்டையே! ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பேட்டர்சனை ஒரு முறை தரையில் உட்காரவைக்கவும் செய்தார். ஆனால் ஆறாவது சுற்றில் முடிந்துபோனார்.

எடை வித்தியாசத்தை மட்டும் வைத்து "ஜோடி சேரவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு கிடையாது. 2009-ல் டேவிட் ஹே தன்னைவிடச் சுமார் 44 கிலோ கூடுதலான வலுயெவைப் புள்ளிகளில் வென்றார். பார்க்க வேண்டியது வேகமும் அனுபவமும்.

ஜோடி சேராத சண்டையில் ஃபவுல் அதிகம் என்பதையும் கவனியுங்கள். தப்பிக்க வழி தெரியாதவர் கட்டிப்பிடிப்பார்: 1997-ல் சாம்பியன் லெவிஸைப் பிடித்துக்கொண்டே இருந்த அகின்வாண்டே ஐந்தாவது சுற்றில் தகுதிநீக்கம் ஆனார். பலசாலிக்கோ கை நிற்காது. 1973-ல் டோக்கியோவில் சாம்பியன் ஃபோர்மன், கீழே விழுந்திருந்த ரோமனை அடித்தார். ரோமன் தரப்பு கத்தியும் பயனில்லை, முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: ராபிட் பஞ்ச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிடரியில், மண்டையோடு கழுத்தைச் சேரும் இடத்தில் விழும் குத்து. மூளைத் தண்டு அங்கே இருப்பதால்தான் தடை. அடித்தவரின் கையை மட்டும் பார்க்காமல், வாங்கியவரின் தலையையும் பாருங்கள். காதுப் பக்கம் குறிவைத்த ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து) வரும்போது அவரே முகத்தைத் திருப்பினால் அது பின்னால் விழும். அதற்கு நடுவர் புள்ளி குறைக்க மாட்டார். கட்டிப்பிடித்திருக்கும்போது ஒரு கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் பிடரியில் தட்டினால், அதுதான் புள்ளி போக வேண்டிய குத்து.