ஸ்காபரோவில் குடியை விடுவதற்குக் கூட்டம் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கனடாவுக்கு வந்து எட்டு மாதமாகிறது, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் தனியே இருக்கிறேன், இரவு வேலை முடிந்து வந்தால் குடிக்காமல் நித்திரை வருவதில்லை, இதை விட உதவும் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன, போனால் எங்கள் சனத்துக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். இதே ஊரில், இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவன் நான். ஆகவே எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழும்பியதும் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால், தயவுசெய்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென்று விட்டால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குடும்ப வைத்தியரிடம் நீங்கள் குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள். பாதுகாப்பாக நிறுத்துவதற்கும், பின்னர் குடிக்கும் ஆவலைத் தணிப்பதற்கும் மருந்துகள் இருக்கின்றன. எங்கே போவதென்று தெரியாவிட்டால் கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவையை 1-866-531-2600 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

நீங்கள் தேடும் கூட்டம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. குடியால் நொந்துபோன ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவைச் சிகிச்சை வைத்தியரும், தங்களுக்குள் மனம் விட்டுப் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டு, 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது அது. ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் வாரந்தோறும் நூற்றுக்கணக்கான கூட்டங்கள் நடக்கின்றன; 'மீட்டிங் கைட்' என்ற இலவசச் செயலியில் உங்களுக்கு அருகில் உள்ளவை நாள், நேரத்துடன் தெரியும். அதில் 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் யாரும் போகலாம், 'குளோஸ்ட்' என்றால் குடியை விட விரும்புகிறவர்கள் மட்டும். நீங்கள் இரண்டுக்கும் போகலாம். கட்டணம் இல்லை. பணம் போட ஒரு கூடை சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. அங்கே முழுப்பெயர் கேட்பதில்லை, அங்கத்தவர் பட்டியல் வைப்பதில்லை, குடிவரவுத் துறைக்கு எதுவும் போவதுமில்லை. குடிவரவை நினைத்துப் பயப்படுவதென்றால் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்குப் பயப்படுங்கள்: 2018 டிசம்பரிலிருந்து அது 10 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்பதால், நிரந்தர வதிவிடத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும்.

இனி, எங்கள் சனம். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பயமே பெரிதாகத் தெரிகிறது. எனக்கும் அதுவே பெரிதாக இருந்தது. தெரிந்த முகம் எதையும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக நான் முதலில் கோ ரயில் ஏறி ஓஷாவாவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். மூன்று வாரம் போனேன். நான்காம் வாரம் பனி கொட்டியது, வெளிக்கிடவில்லை. ஐந்தாம் வாரம் போகாததற்குப் பனியும் காரணமில்லை, அந்த இரவே மீண்டும் குடித்தேன். அதன் பின்னர் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த கூட்டத்துக்குப் போனபோது, நான் பயந்தபடியே ஒரு தமிழர் அங்கே இருந்தார், கோவில் திருவிழாக்களில் பலமுறை கண்ட முகம். அவர் எனக்கு ஒரு கோப்பி ஊற்றித் தந்தார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே அவர் என்னைக் கண்டதென்றால் நானும் அவரைக் கண்டேன். இன்றுவரை கோவிலில் சந்தித்தால் வெறும் தலையசைப்புத்தான். தூரத்துக் கூட்டத்தைத் தேடாதீர்கள், தம்பி. உடம்பும் மனமும் சோர்ந்த நாளிலும் போகக்கூடிய தூரத்தில் இருப்பதைப் பிடியுங்கள்.

பல கூட்டங்கள் தேவாலய நிலக்கீழ் மண்டபங்களில் நடப்பதைக் கண்டு மதம் மாற்றுவார்களோ என்று எண்ண வேண்டாம், இடத்தை மட்டுமே வாடகைக்கு எடுக்கிறார்கள். கடவுளைப் பற்றிய பேச்சு இருக்கும். அது ஒத்துவராதவர்களுக்கு மதச்சார்பற்ற குழுக்களும் ரொறன்ரோவில் உண்டு. 'ஸ்பொன்சர்' என்ற சொல்லைக் கேட்டுக் குழம்பவும் வேண்டாம். நாங்கள் விசாவுக்குச் சொல்லும் ஸ்பொன்சர் அல்ல அவர். முன்னரே குடியை விட்டு, உங்களுக்கு வழித்துணையாக வரும் ஒருவர். ஆங்கிலம் போதாது என்றால், உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லி, இன்று கேட்கத்தான் வந்தேன் என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். தமிழிலேயே பேச வேண்டும் என்று மனம் தவித்தால் தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்களின் இணையவழிக் கூட்டங்களைத் தேடுங்கள். அங்கே மாலை 7 மணி என்பது இங்கே கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30, நீங்கள் இரவு வேலை முடிந்து வந்து போத்தலைத் திறக்கிற நேரம் அதுவாகவே இருக்கலாம்.

முதல் நாள் கால் மணி நேரம் முன்னதாகப் போய், வாசலில் நிற்பவரிடம் இதுதான் முதல் தடவை என்று சொல்லுங்கள். குடிக்கத் தோன்றும்போது நீங்கள் அழைக்கக்கூடிய, குழுவில் உள்ளவர்களின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள் ஒன்றைத் தருவார்கள். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்காமல், வேலையால் வந்து நீங்கள் உட்காரும் இடத்தில், கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள்.