அப்பத்தாவுக்கு ரெண்டு அடி

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. போன வாரம் ஃபிரிட்ஜிலிருந்து இட்லி மாவு போசியை எடுக்கும்போது என் மாமியாருக்குக் கை தவறி, மாவு முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது. உடனே இவன், "அப்பத்தாவுக்கு ரெண்டு அடி போடும்மா" என்கிறான். அன்று சாயங்காலமே அக்காவின் ஓவிய நோட்டில் வேண்டுமென்றே ஒரு தாளைக் கிழித்தான். கேட்டால், "ஒரே ஒரு பேப்பர்தானே!" என் வளர்ப்பில்தான் கோளாறா?

- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாவு போனால் போகட்டும், மாமியார் வழுக்கி விழவில்லையே? சரி, பையனிடம் வருவோம்.

இந்த வயதில் தப்பைக் கண்ணால்தான் அளப்பார்கள். தரை முழுக்க மாவு, பெரிய தப்பு. ஒரு தாள், சின்னத் தப்பு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் இரண்டு கதை சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டதும் ஒரு பையன் கதவைத் தள்ளுகிறான். பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பையும் நொறுங்கின. இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் ஏறி ஜாமைத் துழாவியபோது ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. யார் தப்பு பெரிது? சிறுசுகளில் பலர் 15 உடைத்தவனைத்தான் காட்டினார்கள். பத்து வயதை நெருங்கியவர்களோ, அவன் தெரிந்தா உடைத்தான் என்று கேட்டார்கள்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கதைகளிலேயே குறை கண்டார்கள். பதினைந்துக்கு ஒன்று என்றால் கண் அங்கேதானே போகும்? நஷ்டத்தைச் சமமாக்கி, நோக்கத்தைப் பளிச்சென்று சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைகூட வித்தியாசம் பார்க்கிறது. ஆக, உங்கள் மகனுக்கு மனசில்லை என்று அர்த்தமில்லை. மாவு மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் டம்ளரைக் கோபத்தில் வீசினால் சிரித்துவிட்டுப் போகிறோம். செல்போன் கை தவறி விழுந்தால் முதுகில் ஒன்று வைக்கிறோம். விலையைப் பார்த்து அடிப்பது நாம். அவன் அதைப் படித்துக்கொள்கிறான்.

அப்புறம் அந்த 'சாமி கண்ணைக் குத்தும்' வேண்டவே வேண்டாம். ஆப்பிள் திருடிய பையன் ஓடும்போது பாலம் உடைந்து விழுந்தான் என்று பியாஜே சொன்னால், திருடியதால்தான் பாலம் உடைந்தது என்றன சின்னப் பிள்ளைகள். ஏற்கெனவே அப்படி நம்புகிற வயது. நாளைக்குக் காய்ச்சல் வந்தால் தன் தப்புக்குத்தான் வந்தது என்று உள்ளுக்குள் நடுங்கும்.

உபதேசம் செய்யாதீர்கள். "அப்பத்தா வேணும்னா கொட்டினாங்க? அப்போ அவங்க முகம் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உடனே பதில் வராது. தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். "நான் வேணும்னு தள்ளல" என்று அவனே கத்த வேண்டிய நாள் சீக்கிரம் வரும்.

கிழித்த தாளுக்குக் கோந்தை எடுத்துக் கையில் கொடுங்கள். கோணல்மாணலாக ஒட்டுவான். நீங்கள் திருத்தாதீர்கள்.