மேலங்கியில் மூன்று சிங்கம்

கேள்வி: சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவில் சிலர் சீட்டுக்கட்டு ராஜா மாதிரி, சிங்கமும் யாழும் போட்ட அங்கியில் நடந்து வந்தார்களே, யார் அவர்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அரச கட்டியக்காரர்கள், அதாவது ஹெரால்டுகள். அந்த அங்கிக்கு டேபர்ட் என்று பெயர். மன்னரின் வாக்கைச் சுமந்து போகிற ஆள் என்பதால் மன்னரின் சின்னத்தையே முன்னும் பின்னும் இரண்டு கைகளிலும் அணிகிறார். துணியிலேயே பதவி தெரிந்துவிடும்: தலைமை ஹெரால்டுக்கு வெல்வெட், ஹெரால்டுக்கு சாட்டின், அதற்கும் கீழே உள்ளவருக்கு டமாஸ்க் பட்டு.

அடுத்த முறை அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், அத்தனை அழகு! சிவப்பில், நடந்துகொண்டே முகத்தை நம் பக்கம் திருப்புகிற மூன்று தங்கச் சிங்கங்கள் இங்கிலாந்து. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் 1198ஆம் ஆண்டு முத்திரையிலேயே அவை உண்டு. மஞ்சளில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிவப்புச் சிங்கம் ஸ்காட்லாந்து. நீலத்தில் யாழ், அயர்லாந்து.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதில் இல்லாமல் போன பூதான். பிரான்ஸ் அரியணையும் தனக்கே என்று 1340இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட், பிரெஞ்சு அரசச் சின்னமான லில்லிப் பூவைத் தன் சின்னத்தில் சேர்த்தார், அந்த நாடு முழுசாகக் கைக்கு வராமலே நானூறு வருஷத்துக்கு மேல் பூ மட்டும் அங்கேயே இருந்து, 1801இல்தான் எடுத்தார்கள். ஆனாலும் ஸ்காட்லாந்துச் சிங்கத்தைச் சுற்றிய இரட்டைக் கோட்டில் குட்டி லில்லிகள் இன்னும் இருக்கின்றன, அது வேறு கணக்கு.

அப்புறம், ஸ்காட்லாந்து ஹெரால்டுகளின் அங்கியில் சின்னத்தின் நான்கு கட்டங்களில் முதல் கட்டம் அவர்கள் ஊர்ச் சிங்கத்துக்குத்தான்.